கட்டா, பேட்டர்ன் பெயர்கள்: நாக்கு எங்கே சறுக்குகிறது

கராத்தேயில் கட்டா, டேக்வாண்டோவில் பேட்டர்ன் எனப்படும் அசைவு வரிசைகளின் பெயர்களைச் சுவரில் ஒட்டிய ஆங்கில அட்டையைப் பார்த்து மனப்பாடம் செய்வதுதான் பெரும்பாலான பிழைகளுக்கு வேர். கொரிய ஒலியில் பாதியை ஆங்கில எழுத்து விழுங்கிவிடும். தமிழ் காதுக்கோ அதில் நிறைய ஏற்கெனவே பழக்கம்.

ஐ.டி.எப். (சர்வதேச டேக்வாண்டோ சம்மேளனம்) பேட்டர்ன்களில் இரண்டாவதான தன்-குன்னை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'ஜி யூ என்' என்று முடிவதால் 'டான்-கன்' என்று துப்பாக்கியைக் கூப்பிடுகிறார்கள். தன்-குன் என்பது கொரியாவை நிறுவியதாகச் சொல்லப்படும் தொன்ம மன்னனின் பெயர். உதடு குவிய, 'குடம்' என்பதில் வரும் 'கு'. ஜுங்-குன் என்ற பேட்டர்னிலும் அதே மூன்று ஆங்கில எழுத்துகள்தான், ஆனால் உயிரொலி வேறு. இங்கே உதடு குவியாது: 'காடு', 'பட்டு' முடிவில் வரும் குற்றியலுகரம்தான் அது. 1909-ல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானிய அரசியல் தலைவர் இத்தோ ஹிரோபுமியைச் சுட்ட கொரியர் ஆன் ஜுங்-குன்னின் பெயர். (துப்பாக்கி சம்பந்தம் இவருக்குத்தான் உண்டு, அப்போதும் 'கன்' இல்லை.) தெகுக் பூம்சேயின் (பேட்டர்னுக்கு இன்னொரு டேக்வாண்டோ மரபு வைத்த பெயர்தான் பூம்சே) 'கு'வும் இதே குற்றியலுகரம்.

சொன்-ஜி பேட்டர்னின் முதல் உயிர் 'ஓ' அல்ல. 'ஒ' சொல்ல வாயைத் திறந்து, உதட்டை மட்டும் குவிக்காமல் விடுங்கள். 'அ'வுக்கும் 'ஒ'வுக்கும் நடுவில் வரும். கொரியத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் பழைய முறையில் அந்த ஓ-வின் தலையில் ஒரு பிறைக்குறி இருந்தது. அச்சில் அது உதிர்ந்துபோனதால்தான் இத்தனை 'சோன்ஜி'. 2000-க்குப் பிந்தைய தென்கொரிய அரசு முறையில் இதே உயிரை ஆங்கில 'இ'யும் 'ஓ'வும் சேர்த்து எழுதுவார்கள். சான்றிதழில் உங்கள் சங்கத்தின் எழுத்துக்கூட்டலையே வையுங்கள். ஒரே தாளில் இரண்டு முறையையும் கலக்காதீர்கள்.

தொ-சன், தன்-குன் இரண்டையும் 'ட'வில் தொடங்குவது நம்மூர்ப் பழக்கம். 'தம்பி'யின் 'த' போதும். கொரிய மொழியின் சாதாரண வல்லினம் நம்முடையதைப் போலவே சொல் முதலில் வன்மையாகவும் மெல்லெழுத்துக்குப் பின் மென்மையாகவும் ஒலிக்கும். 'கங்கை'யின் இரண்டு 'க'வும் போல. த்வெ-கெயின் முதலெழுத்துக்கோ மூச்சு வேண்டும். உள்ளங்கையை வாய்முன் பிடித்தால் காற்று படவேண்டும். 'டாய்-ஜி' என்பது முழுத் தவறு. யுல்-கொக்கைச் சொல்லும்போது கடைசி 'க்'கை அடைத்து நிறுத்துங்கள்; நம் நாக்கு தானாக 'கொக்கு' என்று இழுத்துவிடும். சிப்ஜின் பூம்சேயை 'ஷிப்ஜின்' என்றே சொல்லவேண்டும்.

கொரியத்தில் கைகொடுத்த அதே பழக்கம் ஜப்பானியத்தில் காலை வாரும். அங்கே மெல்லெழுத்துக்குப் பின்னும் வல்லினம் வன்மை இழக்காது. ஒரு கட்டாவின் பெயரை 'என்பி' என்று எழுதினால் தமிழர் 'பி'யை மென்மையாக்கிவிடுவார். 'எம்ப்பி' என்று எழுதுங்கள். கன்குவும் அப்படியே: 'கங்க்கூ', கடைசி உயிர் நெடில். கன்ககுவில் முதல் எழுத்து மட்டுமே மெலிந்த 'க'. மற்ற இரண்டும் வன்மையானவை.

வரிசையில் முதலாவதைக் குறிக்கும் சொல்லைக் குறில் நெடில் பார்க்காமல் 'ஷோடான்' என்கிறார்கள். இரண்டும் குறில், 'ஷொதன்'. தெக்கி, ஜித்தெ, பஸ்ஸாய் மூன்றிலும் இரட்டிப்பு உண்மையானது, ஒற்றையாக்கக் கூடாது. கட்டாவில்தான் இரட்டிப்பு கிடையாது, ஆனால் தமிழில் அந்த எழுத்து ஊறிவிட்டது. அதை மாற்றப் போராட வேண்டாம். ஹேஅன்னை 'ஹையன்' ஆக்காதீர்கள். பின்-அன்னில் 'ன்'னை அடுத்த உயிரோடு சேர்த்து 'பினன்' என்று புணர்க்காதீர்கள். நடுவில் சிறு நிறுத்தம் உண்டு.

இந்தக் கடைசி இரண்டும் ஒரே சீன எழுத்துகளின் இரு வாசிப்புகள். கராத்தே ஆசான் இதோசு அன்கோ வகுத்த பின்-அன் வரிசையை இன்னொரு ஆசானான ஃபுனாகோஷி கிச்சின் ஹேஅன் என்று மாற்றியபோது முதலிரண்டின் இடமும் மாறிற்று: ஷோடோகான் பாணியின் ஹேஅன் ஷொதன்தான் மற்ற பாணிகளில் பின்-அன் நிதன் (இரண்டாவது). போட்டியில் பெயரை அறிவித்துவிட்டு வேறு கட்டாவைச் செய்தால் ஆட்டம் போய்விடும். பாணி மாறி வருபவர்கள் உச்சரிப்பைவிட இதை முதலில் சரிபார்க்க வேண்டும்.