பொது நீர் எதுவரை? கரை எல்லையைக் கண்டறியும் முறை

நீர்நிலையை ஒட்டிய நிலத்தை வாங்கும் முன்போ, அதில் சுவர் எழுப்பும் முன்போ, அந்த நீர் சட்டப்படி பொது நீரா, அதாவது மக்கள் அனைவருக்கும் உரிய நீரா என்பதையும், அப்படியானால் அதன் எல்லை நிலத்தில் எதுவரை ஏறுகிறது என்பதையும் தனித்தனியே தெரிந்துகொள்ள வேண்டும். பத்திரத்தில் ‘ஏரி வரை’ என்று எழுதியிருந்தால் அது இரண்டுக்குமே விடையாகாது.

பொது நீர் என்பதற்கான அளவுகோல் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தின் பழைய சட்ட மரபு, கடல் ஓதம் ஏறி இறங்கும் இடமா என்று பார்த்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ டேனியல் பால் வழக்கில், இயல்பு நிலையில் வணிகப் போக்குவரத்துக்கு உதவக்கூடிய நீரா என்று கேட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 1996-இல் கமல்நாத் வழக்கில், கடற்கரைக்கும் ஓடும் நீருக்கும் அரசு மக்களின் அறங்காவலர் மட்டுமே என்று தீர்ப்பளித்தது. ஆகவே முதலில் உங்கள் பகுதிக்குரிய சட்டத்தின் வரையறையைப் படியுங்கள்.

எல்லையைத் தேடுவதுதான் கடினமான பகுதி. இன்று தண்ணீர் நிற்கும் விளிம்பைப் பலரும் எல்லையாக எண்ணிவிடுகிறார்கள். வறண்ட பருவத்தில் இது பெரும் தவறாக முடியும். ஏரி, ஆறுகளுக்குப் பல சட்டங்கள் எடுத்துக்கொள்வது வழக்கமான உயர் நீர்க்கோட்டை, அதாவது நீர் ஆண்டாண்டாக வந்து நின்று நிலத்தில் பதித்த தடத்தை. நீர் விளிம்பிலிருந்து மேல்நோக்கி மெல்ல நடந்தால், கரை படிபோல் அரிக்கப்பட்டிருக்கும் இடம், மண்ணின் தன்மை மாறும் இடம், தரைச் செடிகள் வேரூன்றத் தொடங்கும் இடம் ஆகியவை தென்படும். இவை ஏறக்குறைய ஒரே உயரத்தில் கூடினால் அந்தத் தடத்தை நம்பலாம். ஒதுங்கிய சருகும் குப்பையும்கூட அடையாளங்களே என்றாலும், ஒரே ஒரு பெருவெள்ளம் அவற்றை வெகு மேலே எறிந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் பக்கம் தடம் மங்கியிருந்தால், அதே ஏரியின் வேறொரு கரையில் தெளிவாகத் தெரியும் தடத்தின் மட்டத்தை நில அளவையர் கருவிகொண்டு இங்கே கொண்டுவர முடியும். ஆற்றின் நீர்மட்டம் சரிந்து செல்வதால் அங்கே இது பொருந்தாது.

கடற்கரையில் கண்ணால் காணும் தடம் போதாது. 1935-இல் போராக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 18.6 ஆண்டு கால உயர் ஓதங்களின் சராசரியை எல்லையாக ஏற்றது. நிலவின் பாதை ஒரு சுற்று மாறி முடிய அவ்வளவு காலம் ஆகிறது.

கரை நகர்ந்திருந்தால், எப்படி நகர்ந்தது என்று கட்டாயம் விசாரியுங்கள். வண்டல் சிறுகச் சிறுகப் படிந்து வளர்ந்திருந்தால் பொதுவாக எல்லையும் கூடவே நகரும். ஆறு ஒரே வெள்ளத்தில் தடம் மாறியிருந்தால் பழைய எல்லையே நிற்கும். உரிமையாளர் தாமே மண் கொட்டி மேடாக்கிய இடம் பொதுவாக அவருக்குச் சொந்தமாகிவிடாது. எனவே பழைய அளவை வரைபடங்களையும் வான்படங்களையும் கையெழுத்திடும் முன்பே கேட்டு வாங்கி, இன்றைய கரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.