கரண்ட் அடித்தால் சக்தி வருமா? இளையோர் அறிபுனைவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் சத்துவாச்சாரியில் பிளஸ் ஒன் படிக்கும் பையன் மோட்டார் சுவிட்சைத் தொட்டான், ஷாக் அடித்தது, ஊரிலுள்ள கருவியெல்லாம் அவன் சொன்னபடி கேட்கிறது. முதல் தவறு இந்தத் தொடக்கம்தான். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். உயிரைக் காப்பாற்ற வீட்டில் மாட்டும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச், 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே லைனைத் துண்டிக்கிறது. அதற்குமேல் சில நொடி உடம்பில் ஓடினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். படிக்கப்போவது பதிமூன்று வயதுப் பிள்ளை. முயன்று பார்க்கக்கூடிய வழியில் சக்தியைத் தராதீர்கள்.

சக்தி நுழைய அதைவிட நல்ல வாசல், காது கேளாதவர்களுக்கு அறுவை செய்து பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் என்ற செவிக்கருவி. மைக், பிராசசர், பேட்டரி மூன்றும் காதுக்கு வெளியே இருக்கும். தலைத்தோலுக்கு அடியில் உள்ள பாகத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. தலைக்கு வெளியே காந்தத்தால் ஒட்டி நிற்கும் காயில் (கம்பிச்சுருள்) வழியாகத்தான் அதற்கு மின்சாரமும் செய்தியும் போகும். ஓடும்போது காயில் கழன்று விழுந்தால் சக்தியும் போச்சு, காதும் போச்சு. கதைக்கு வேண்டிய ஆபத்தைக் கருவியே கொடுத்துவிடுகிறது.

அடுத்தது, சக்திக்குக் கணக்கே இல்லாமல் எழுதுவது. மூளை சுமார் 20 வாட்டில் ஓடுகிறது. 5000 எம்ஏஎச் போன் பேட்டரியில் இருப்பது ஏறக்குறைய 19 வாட்-மணி; மூளையை ஒரு மணி நேரம்கூட ஓட்டாது. சக்தியைப் பயன்படுத்தும்போது பையன் உடம்பில் 100 வாட் கூடுதல் சூடு பிறப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தச் சூடு வெளியேறாவிட்டால் 50 கிலோ உடம்பு அரை மணிக்கு ஒரு டிகிரி ஏறும். ஒன்றரை மணியில் 40 டிகிரி காய்ச்சல். அக்கினி நட்சத்திர வேலூரில் வெளிக்காற்றே தோலைவிடச் சூடு, வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு ஆறும். மே மாத மத்தியானத்தில் உங்கள் நாயகன் பத்து நிமிஷத்தில் தண்ணீர் பாட்டிலைத் தேடவேண்டும். வில்லனைவிட வெயில் நல்ல எதிரி!

மூன்றாவது, எல்லாமே நெட்டில் இருக்கிறது என்ற நினைப்பு. இப்படி எழுதுவார்கள்: “அவன் கண்ணில் நீல ஒளி பாய்ந்தது. நகரத்தின் கேமராக்கள் அனைத்தும் அவன் வசமாயின.” கடைத்தெருவில் உள்ள பல கேமராக்கள் கல்லாவுக்கு அடியில் தூசி படிந்த, காட்சியைப் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டியோடு ஒயரில் முடிந்துபோகின்றன. இப்படி எழுதிப் பாருங்கள்: “கல்லாவுக்குக் கீழே குனிந்து பெட்டியைத் தொட்டான். விசிறி கரகரத்தது. நேற்று ராத்திரி ஒன்பதரை மணி, தெரு, ஒரு நாய்.” தூரம் என்ற வரம்பு வந்ததும் அவன் ஆளைச் சமாளித்துக் கடைக்குள் நுழையவேண்டியிருக்கிறது. அங்கேதான் கதை நடக்கும்.

ஓடிபியை வேகத்தால் உடைப்பதும் அப்படித்தான். ஆறு இலக்கத்துக்குப் பத்து லட்சம் சாத்தியங்கள். கணினிக்கு அது தூசு. ஆனால் சில தடவை தப்பாகப் போட்டாலே கணக்கு பூட்டிக்கொள்ளும். வேகம் அங்கே உதவாது.

ஊர் விவரத்தில் அடிக்கடி மாட்டுவது காவலூர். ஜவ்வாது மலையில் இருக்கும் அந்த வானியல் ஆய்வகத்தில் வேற்றுக்கிரக ரேடியோ சிக்னல் வந்ததாக எழுதாதீர்கள். அங்கிருப்பது 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த ஒளியியல் தொலைநோக்கி. மேகம் மூடினால் வேலை நிற்கும். காவலூர் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் வருகிறது, வேலூரில் அல்ல. பாலாற்றில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடவிடுவதும் வேண்டாம். 2021 நவம்பர் வெள்ளத்தில் நடப்பதாக இருந்தால் தாராளமாக ஓடட்டும்.

பேச்சிலும் கவனம் வேண்டும். சக்தி வந்த மறுநாளே பையன் செய்தி வாசிப்பவர்போலப் பேச ஆரம்பித்துவிடுகிறான். “இன்னாடா, வந்துகினே கீறேன்” என்று இருந்தவன் அப்படியே இருக்கட்டும். அக்காவும் அவனும் பங்கு போடும் ஒரே போனில் இன்றைய டேட்டா தீர்ந்துபோனதும் அப்படியே இருக்கட்டும்.