கடலோரத்தில் ஓய்வுக்காலம்: வாங்கும் முன் ஒரு மழைக்காலம் இருந்து பாருங்கள்

ரிட்டயர் ஆனதும் தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் போய்விடலாம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படி வந்தவன்தான். கரையிலேயே வாங்குகிற மீனும் சாயங்காலக் காற்றும் இந்த வயசில் பெரிய விஷயம். ஆனாலும் மாசி மாசம் ஒரு நாள் வந்து நின்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

படி 1: முதலில் வாடகை. ஐப்பசி, கார்த்திகை இரண்டும் அதற்குள் வரட்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தென்னந்தோப்பெல்லாம் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது, இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க முடியாது.

படி 2: தண்ணீர். என்னைக் கேட்டால் பாதி முடிவு இங்கேயே தெரிந்துவிடும். வீட்டுக்காரர் கேன் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள், அப்புறம் போர் தண்ணீரை ஒரு சொம்பில் பிடித்து, வாயில் விட்டுப் பாருங்கள், அதிலேயே கொஞ்சம் துவரம்பருப்பு வேகவைத்துப் பாருங்கள், மிச்சத்தை எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். வெள்ளையாகப் பூத்தால் உப்பு ஏறியிருக்கிறது. கோடையில் இன்னும் கூடும், அதனால் சித்திரையிலும் ஒருமுறை பாருங்கள். குடிக்க கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள். அப்படியே வாசல் கேட்டின் கீல்களைத் தொட்டுப் பாருங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்தால், உப்புக்காற்று வீட்டுக் கம்பியையும் விடாது, பராமரிப்புச் செலவுக்குத் தனியாகப் பணம் வையுங்கள்.

படி 3: ராத்திரியில் ஒருமுறை ஆஸ்பத்திரி வரை வண்டியில் போய் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். நாகைக்கு ஒரத்தூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் தஞ்சாவூர் போகவேண்டி வரலாம். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

படி 4: பத்திரம். 30 வருஷ வில்லங்கச் சான்று போடுங்கள். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம், கட்ட முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருவில் பெரியவர்களைக் கேளுங்கள், கை காட்டுவார்கள்.

படி 5: வீட்டம்மாவுக்கு அங்கே பேச்சுத்துணை இருக்கிறதா? அவர் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள்.

சரி என்றால் 11 மாத வாடகை ஒப்பந்தம் போட்டு, புரட்டாசிக்குள் பால் காய்ச்சிவிடுங்கள், அந்த வருஷ மழையை முழுசாகப் பார்த்துவிடலாம்.