நாய்க்குக் கடைசி ஊசி: செலவும் அடக்கமும், படிப்படியாக

குணமாகாத நோயில் கிடக்கும் நாயைக் கருணைக் கொலை செய்ய முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால், முதலில் குழிக்கான இடத்தைப் பார்த்துவிட்டு அதன் பிறகு மருத்துவருக்குத் தொலைபேசி செய்யுங்கள். நாங்கள் இதை மாற்றிச் செய்து பட்ட பாட்டை வேறு யாரும் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் மணி 13 ஆண்டுகள் எங்களோடு இருந்த நாட்டு நாய். வீடு தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சிறுநீரகம் செயலிழந்து, மாசி மாதத்தில் தண்ணீரைக்கூட வாந்தியெடுக்கும் நிலைக்கு அது வந்தபோது மருத்துவரை வீட்டுக்கு வரவழைத்தோம். ஊசி போட்டு எல்லாம் முடிந்த பிறகுதான் எங்கே புதைப்பது என்ற பேச்சே எழுந்தது. கிணற்று மேட்டுக்கு அப்பால் தோண்டத் தொடங்கினால் ஒன்றரை அடியிலேயே பாறை தட்டியது. இடத்தை மாற்றி, மறுபடியும் பாறை தட்டி, மூன்றாவது இடத்தில் குழி வெட்டி முடித்தபோது இரவு ஒன்பது மணி. அதுவரை மணியின் உடல் திண்ணையில் கிடந்தது. எறும்பு ஏறாமல் இருக்க என் அம்மா அதைச் சுற்றி மஞ்சள் தூளைத் தூவிக்கொண்டே இருந்தார்.

படி 1: முடிவை மருத்துவரோடு சேர்ந்து எடுங்கள்

வயதாகிவிட்டது என்பதோ, நடக்கத் தடுமாறுகிறது என்பதோ மட்டும் இதற்குப் போதுமான காரணம் ஆகாது. நோய் குணமாகாது, வலியை மருந்தால் அடக்க முடியவில்லை என்ற இரண்டையும் கால்நடை மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கால்நடை மருத்துவரான ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் வகுத்த ஓர் அளவுகோல் இதற்கு உதவும். வலி, சாப்பாடு, நீர்ச்சத்து, உடல் சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை 35ஐத் தாண்டினால் நாயை வைத்துப் பராமரிக்கலாம் என்பது அவர் கணக்கு. இன்னும் எளிய வழி, வீட்டில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் நாய் சாப்பிட்டு வாலாட்டிய நாளுக்கு ஒரு வட்டமும், அப்படி இல்லாத நாளுக்கு ஒரு கோடும் போட்டு வருவது. எங்கள் நாட்காட்டியில் கடைசிப் பதினோரு நாளும் கோடாகவே இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் என் அப்பா சம்மதித்தார்.

இந்தப் படியிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கடந்த பத்து நாட்களுக்குள் அந்த நாய் யாரையாவது கடித்திருந்தால் அதை மறைக்காதீர்கள். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது வெறிநோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காகத்தான், இடையில் ஊசி போட்டால் அந்தக் கண்காணிப்பு நின்றுபோகும். கடிபட்டவர் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று காத்திராமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் காயத்தை 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும்.

படி 2: இடத்தைத் தேடுங்கள்

சொந்த நிலம் இருப்பவர்களுக்கு அடக்கம் செய்வதே எளிது, செலவும் குறைவு. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் எங்கு கடப்பாரை போட்டாலும் பாறை தட்டும் வாய்ப்பு உண்டு என்பதால், முதல் நாளே இரண்டு மூன்று இடங்களில் தோண்டிப் பாருங்கள். கிணறு, ஆழ்துளைக் கிணறு, ஓடை ஆகியவற்றிலிருந்து நூறு அடியாவது தள்ளியிருக்க வேண்டும். மழையில் தண்ணீர் தேங்கும் பள்ளமும் ஏரிக்கரையும் ஆகாது. உடலுக்கு மேல் குறைந்தது மூன்றடி மண் நிற்க வேண்டும் என்பதால் குழி நான்கடி ஆழம் இருப்பது நல்லது.

இந்த ஆழத்தை வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. கடைசி ஊசியில் செலுத்தும் மயக்க மருந்து, நாய் இறந்த பிறகும் அதன் உடலில் தங்கியிருக்கும். மேலோட்டமாகப் புதைத்த உடலைத் தெருநாயோ நரியோ தோண்டித் தின்றால் அவற்றுக்கும் அது நஞ்சாகும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டிய நிலங்களில் காட்டுப்பன்றியும் மண்ணைக் கிளறும் என்பதால், அங்கே இருப்பவர்கள் குழியை மூடிய பிறகு மேலே பாறைக் கற்களை அடுக்கிவிடுங்கள். செத்த நாயைத் தென்னை மரத்தடியில் புதைக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேருக்கு இடையில் அரைகுறையாகத் தோண்டாமல் மரத்திலிருந்து சற்றுத் தள்ளி முழு ஆழம் எடுங்கள்.

ஓசூரில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும் இந்தப் படி பொருந்தாது. உறவினர் நிலத்தில் அனுமதி கேட்கலாம். இல்லையென்றால் தகனம்தான் வழி, அதைப் படி 6இல் விளக்குகிறேன். ஏரியிலும் குப்பைத் தொட்டியிலும் சாலையோரத்திலும் உடலைப் போட்டுவிட்டு வருவதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள். வேறு எதுவும் கைகூடாதபோது நகராட்சி அல்லது மாநகராட்சியின் சுகாதார ஆய்வாளரிடம் முன்கூட்டியே பேசினால், உடலை எப்படி ஒப்படைப்பது என்று சொல்வார்கள்.

படி 3: மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்

கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவர் மட்டுமே இதைச் செய்யலாம். மாட்டுக்கு ஊசி போடத் தெரிந்தவர் என்று ஊரில் சிலரை அழைப்பது உண்டு. அந்தத் தவறைச் செய்யாதீர்கள். விஷம் வைப்பதும் அடித்துக் கொல்வதும் பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை பெறக்கூடிய குற்றங்கள். நாய் வலியில் துடிக்கிறது, பக்கத்தில் மருத்துவர் இல்லை என்றால் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆடு மாடுகளுக்காக ஓடும் வண்டி அது என்றாலும் கேட்பதில் தவறில்லை.

தொலைபேசியில் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். மருந்து கையிருப்பில் இருக்கிறதா? முதலில் மயக்க ஊசி போட்ட பிறகுதானே கடைசி ஊசி போடுவீர்கள்? வீட்டுக்கு வருவீர்களா? மொத்தம் எவ்வளவு ஆகும்? இவற்றில் இரண்டாவது கேள்விதான் உயிரானது. நாய் நினைவோடு இருக்கும்போது இதயத்தை நிறுத்தும் மருந்தை நேரடியாகச் செலுத்துவது கொடுமை. முழு மயக்கத்தில் ஆழ்த்திய பிறகே எதுவும் செலுத்தப்பட வேண்டும். "ஒரே ஊசிதான், மயக்கமெல்லாம் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் வேறு மருத்துவரைத் தேடுங்கள்.

செலவு ஏன் நாய்க்கு நாய் மாறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. கடைசி ஊசிக்குப் பயன்படும் தயோபென்டோன் போன்ற மயக்க மருந்து அரை கிராம், ஒரு கிராம் குப்பிகளில் தூளாக வரும். 15 கிலோ நாட்டு நாய்க்கு ஆகும் குப்பிகளைப் போல இரண்டு மடங்குக்கு மேல் 35 கிலோ லாப்ரடாருக்கு ஆகும். இதோடு மருத்துவரின் கட்டணம், வீட்டுக்கு வரும் செலவு, இரவு நேரமானால் கூடுதல் தொகை, முன்பே செய்யாமலிருந்தால் இரத்தப் பரிசோதனை ஆகியவை சேரும். அரசு கால்நடை மருத்துவமனைக்கு நாயைத் தூக்கிச் செல்ல முடிந்தால் கட்டணச் சுமை பெரிதும் குறையும். ஆனால் மருந்து அங்கே இல்லாமல் வெளியே வாங்கி வரச் சொல்ல நேரலாம், அது எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும் மருந்தும் அல்ல.

17 கிலோ எடையுள்ள மணிக்கு எங்களுக்கு ஆன கணக்கு இது: மருத்துவர் வீட்டுக்கு வந்ததற்கு 700 ரூபாய், மருந்துக்கு 900, குழி வெட்டிய இருவருக்கு 1,600, புதுத் துணிக்கு 150, ஆக 3,350 ரூபாய். இதை விலைப்பட்டியலாக எடுத்துக்கொள்ளாமல், செலவு எந்தெந்த வழியில் போகும் என்று காட்டும் ஒரு வீட்டின் கணக்காக மட்டும் பாருங்கள். ஊசி மருந்தைவிடக் குழிக்கே அதிகம் கொடுத்தோம் என்பதைக் கவனியுங்கள். அதில் பாதி, பாறையில் வீணான உழைப்புக்கான கூலி.

படி 4: அந்த நாள்

பணத்தை முன்பே கொடுத்துவிடுங்கள், சம்மதக் கடிதத்தில் முன்பே கையெழுத்திட்டுவிடுங்கள். முடிந்த பிறகு சில்லறை எண்ணும் நிலையில் யாரும் இருக்க மாட்டார்கள். நாய் வழக்கமாகப் படுக்கும் இடத்திலேயே, அடியில் பழைய பாயும் மேலே தடித்த துணியும் விரித்துப் படுக்க வையுங்கள்.

மருத்துவர் முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து, இரத்தக் குழாயில் கேனுலா என்ற மெல்லிய ஊசிக்குழாயைப் பொருத்துவார். மயக்க ஊசி போட்ட பிறகு தலை மெல்லச் சாயும். இளமஞ்சள் தூளை ஊசி நீரில் கரைத்து அவர் சிரிஞ்சில் ஏற்றியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மணியின் காது என் உள்ளங்கையில் இருந்தது, சூடாக, எப்போதும் போல ஓரத்தில் மண் ஒட்டியபடி. ஊசி முழுவதும் இறங்குவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது.

அதன் பிறகு நடப்பவற்றை முன்பே அறிந்திருங்கள், இல்லையென்றால் பதறிப்போவீர்கள். கண்கள் மூடாது. சிறுநீரும் மலமும் வெளியேறலாம். சில நிமிடங்கள் கழித்து ஒன்றிரண்டு பெருமூச்சு போல உடல் இழுக்கும், தசை துடிக்கும். உயிர் திரும்பியதாக எண்ணி எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தி அலறியேவிட்டார். மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து, விழியைத் தொட்டு அசைவில்லை என்று உறுதி செய்யும்வரை அவரை அனுப்பாதீர்கள்.

படி 5: அடக்கம்

சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும். அதற்குள் கால்களை மடக்கி, தூங்குவது போலச் சுருட்டிக் கிடத்துங்கள். நீட்டிய கால்களோடு விறைத்துவிட்டால் குழியைப் பெரிதாக்க வேண்டி வரும். கழுத்துப் பட்டையையும் நைலான் கயிற்றையும் கழற்றிவிட்டுப் பருத்தித் துணியிலோ சணல் சாக்கிலோ சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறை மட்காது. வெயில் காலத்தில் சிறிது தாமதம் ஆகுமானால் உறைந்த தண்ணீர்ப் பாட்டில்களை வயிற்றை ஒட்டி வையுங்கள். சுண்ணாம்பு போட்டால் சீக்கிரம் மட்கும் என்று சொல்வார்கள். உண்மையில் அது மட்குவதைத் தாமதமாக்கவே செய்யும், வாடைதான் குறையும்.

படி 6: தகனம்

ஓசூர், கிருஷ்ணகிரி மக்களுக்குப் பெங்களூரு பக்கம் என்பதால் சுமனஹள்ளியில் மாநகராட்சி அமைத்த செல்லப் பிராணிகள் தகன மேடை போன்ற இடங்களை அணுகலாம். புறப்படும் முன் தொலைபேசியில் நேரம், கட்டணம், மருத்துவர் சான்றிதழ் தேவையா என்பதைக் கேளுங்கள். சாம்பல் வேண்டுமென்றால் தனியாக எரிப்பார்களா, மற்ற உடல்களோடு சேர்த்தா என்று கட்டாயம் கேளுங்கள். சேர்த்து எரித்தால் சாம்பலைப் பிரித்துத் தர முடியாது. தகனக் கட்டணத்தைவிட வாடகைக் கார் கூடுதலாகக்கூட ஆகலாம், மாநில எல்லையைத் தாண்டும் வாடகையைப் பேசி முடித்துவிட்டே ஏறுங்கள். சாம்பலை ஒகேனக்கல்லில் கரைக்க விரும்பினால் கலயத்தோடும் பையோடும் ஆற்றில் விடாதீர்கள்.

வீட்டில் மிஞ்சிய வலி மாத்திரைகளை இன்னொரு நாய்க்குக் கொடுக்காதீர்கள். நாய்க்கு உரிமம் எடுத்திருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் இறப்பைத் தெரிவியுங்கள். முதல் மழைக்குப் பிறகு குழியைப் போய்ப் பாருங்கள். மண் கட்டாயம் அமுங்கியிருக்கும். மணியின் குழியில் சித்திரை மழைக்குப் பிறகு ஒரு சாண் பள்ளம் விழுந்திருந்தது. அப்பா இரண்டு கூடை செம்மண் கொண்டுவந்து போட்டு, மிதித்து, மேலே இரண்டு கற்களை வைத்தார்.