ஒரே கணினியில் இரண்டு டெஸ்க்டாப்: திரை அமைப்புகள் மோதிக்கொண்டால் என்ன செய்வது?

எங்கள் பட்டர்வொர்த் வீட்டில் கணினி ஒன்றுதான். நான் எக்ஸ்எஃப்சிஇ ஆள். அக்கா மகனுக்கு கேடிஇ பிளாஸ்மாதான் வேண்டும். இரண்டுமே லினக்ஸில் திரையின் தோற்றம், மெனு, சாளரங்களைக் கவனிக்கும் டெஸ்க்டாப் மென்பொருள்கள். இரண்டையும் ஒரே லினக்ஸில் போட்டு, ஒரே பயனர் கணக்கில் புழங்கிக்கொண்டிருந்தோம். பினாங்கின் கொம்தார் வளாகத்தில் பழைய 27 அங்குல 4கே திரை ஒன்று வாங்கி வரும்வரை தொல்லை இல்லை. அந்த வாரமே ஒருநாள் காலையில் பசியாறிவிட்டு உட்கார்ந்தால், எழுத்து ஒவ்வொன்றும் தோசை அளவுக்கு நிற்கிறது. "எனக்கு இனிமே கண்ணாடியே வேண்டாம் போலிருக்கே" என்றார் அம்மா. "நான் ஒன்னும் செய்யலை மாமா" என்றான் பையன். செய்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

27 அங்குலத்தில் 3840×2160 புள்ளிகள் என்றால் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 163 புள்ளி. பக்கத்தில் வைத்திருக்கும் பழைய 22 அங்குலத் திரையில் 100தான். அதனால் புதுத் திரையில் எழுத்து எறும்பாகத் தெரியும், பெரிதாக்கியே ஆகவேண்டும். இந்தப் பெரிதாக்கும் கணக்கை ஒவ்வொரு டெஸ்க்டாப்பும் தன் சொந்தக் கோப்பில் குறித்துவைக்கும். அதுவரை சரி. ஆனால் எல்லா டெஸ்க்டாப்பும் கைவைக்கிற பொதுக் கோப்புகளும் சில உண்டு. சண்டை பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் எதையும் மாற்றாதீர்கள். அமைப்புகளில் 'பயனர்கள்' பகுதிக்குப் போய், சோதனைக்கென்று புதுக் கணக்கு ஒன்றைத் திறங்கள். அதில் நுழைந்து அதே டெஸ்க்டாப்பைப் பாருங்கள். அங்கே திரை ஒழுங்காக இருந்தால் கோளாறு உங்கள் ஹோம் கோப்புறைக்குள் (உங்கள் கணக்கின் கோப்புகள் இருக்கும் இடம்) இருக்கிறது, கீழே சொல்வது உங்களுக்குத்தான். அங்கேயும் கெட்டிருந்தால் கேபிளையும் கிராஃபிக்ஸ் டிரைவரையும் பாருங்கள். இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

அடுத்து, நுழைவுத் திரையில் எந்த டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அது வேலண்டா, எக்ஸ்11ஆ என்பதும் முக்கியம். செயலிகள் வரைவதைத் திரைக்குக் கொண்டுபோகும் இரண்டு முறைகள் அவை; வேலண்ட் புதியது, எக்ஸ்11 பழையது. 2024இல் வந்த பிளாஸ்மா 6 வேலண்டைத்தான் முதலில் நீட்டும். அதில் ஒவ்வொரு திரைக்கும் வேறு வேறு அளவு வைக்கலாம். எக்ஸ்11இல் அது அவ்வளவு சுலபமில்லை. ஒன்றில் அழகாக அமைத்ததை இன்னொன்றில் அப்படியே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இப்போது பொதுக் கோப்புகள். கோப்பு மேலாளரைத் திறந்து கன்ட்ரோல் விசையோடு ஹெச்-ஐ அழுத்துங்கள். பிளாஸ்மாவின் கோப்பு மேலாளரான டால்ஃபினில் ஆல்ட் விசையோடு புள்ளி. புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புகள் வெளியே வரும். நுழையும்போது படிக்கப்படும் 'டாட் புரொஃபைல்' (.profile), 'டாட் எக்ஸ்புரொஃபைல்' (.xprofile) என்ற இரண்டையும் திறந்து, 'ஸ்கேல்' அல்லது 'டிபிஐ' என்ற சொல் இருக்கும் வரி உண்டா என்று தேடுங்கள். ஜிடிகே, க்யூடி என்பவை செயலிகளின் பொத்தான்களையும் மெனுக்களையும் வரைய உதவும் இரண்டு கருவித்தொகுப்புகள். எங்கள் வீட்டில் அகப்பட்டது இதுதான். ஒரே ஒரு ஜிடிகே செயலி சிறிதாகத் தெரிகிறதென்று பையன் எங்கோ படித்துவிட்டு, 'ஜிடிகே ஸ்கேல் 2' என்று டாட் புரொஃபைலில் எழுதியிருக்கிறான். பிளாஸ்மாவின் சொந்தச் செயலிகள் க்யூடி வகை, அந்த வரியைக் கண்டுகொள்வதில்லை. அதனால் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எக்ஸ்எஃப்சிஇ முழுக்க ஜிடிகே. நான் ஏற்கெனவே எழுத்தை ஒன்றரை மடங்காக வைத்திருந்தேன். ஒன்றரையை இரண்டால் பெருக்கினால் மூன்று. தோசை வந்த கதை அதுதான்.

அப்படி ஒரு வரி கிடைத்தால் அழிக்க வேண்டாம். முன்னால் ஒரு ஹாஷ் குறி (#) போட்டால் அந்த வரி செயல்படாது; அப்படிச் சேமித்து, லாக் அவுட் செய்து மறுபடி நுழையுங்கள். கூடவே 'டாட் கான்ஃபிக்' கோப்புறைக்குள் இருக்கும் 'ஆட்டோஸ்டார்ட்'டையும் எட்டிப் பாருங்கள். திரையை மாற்றும் ஸ்கிரிப்ட் எதையாவது அங்கே போட்டிருந்தால், எந்த டெஸ்க்டாப்பில் நுழைந்தாலும் அது ஓடும்.

இன்னும் சரியாகவில்லையா? அப்புறம் சொந்தக் கோப்புகள். க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்புக்கு டாட் கான்ஃபிக்கில் 'மானிட்டர்ஸ்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பு. மேட் டெஸ்க்டாப்பும் அதே பெயரில்தான் எழுதும், ஆகவே இந்த இரண்டையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள். எக்ஸ்எஃப்சிஇக்கு டாட் கான்ஃபிக்கின் எக்ஸ்எஃப்சிஇ4 கோப்புறையில், உள்ளே உள்ளே போனால் 'டிஸ்ப்ளேஸ்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பு. எக்ஸ்11இல் ஓடும் பிளாஸ்மாவுக்கு 'டாட் லோக்கல்', அதில் 'ஷேர்', அதில் 'கேஸ்கிரீன்' கோப்புறை. கெட்டுப்போனதன் பெயருக்குப் பின்னால் 'பழசு' என்று சேர்த்துவிட்டால் போதும், அடுத்த முறை நுழையும்போது டெஸ்க்டாப் புதிதாகத் தொடங்கும். எக்ஸ்எஃப்சிஇயின் கோப்பை எக்ஸ்எஃப்சிஇக்குள் இருந்துகொண்டே மாற்றினால் அது நினைவிலிருந்து பழையதை மறுபடி எழுதிவிடும். பிளாஸ்மாவில் நுழைந்து அங்கிருந்து மாற்றுங்கள். இரண்டு டெஸ்க்டாப் வைத்திருப்பதில் இப்படியும் ஒரு நன்மை.

இவ்வளவும் செய்த பிறகு என் முடிவு வேறு: ஆளுக்கொரு கணக்கு, கணக்குக்கு ஒரு டெஸ்க்டாப். பிளாஸ்மா ஜிடிகே செயலிகளின் எழுத்துருவையும் மவுஸ் அம்பையும்கூடத் தொட்டுவிட்டுப் போகும். அதையெல்லாம் துரத்திக்கொண்டிருக்க நேரமில்லை. படங்களுக்கும் பாடங்களுக்கும் பொதுவாக ஒரு கோப்புறை திறந்து இருவருக்கும் எழுதும் உரிமை கொடுத்தாயிற்று.

மூன்றாவதாக அம்மாவுக்கும் ஒரு கணக்கு. அதில் 200 விழுக்காடு. கண்ணாடி கழற்றியபடியே செய்தி படிக்கிறார்.