லினக்ஸுக்கு வைஃபை கார்டு: வாங்கும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்டியின் மேலுள்ள நிறுவனப் பெயரையும் மாடல் எண்ணையும் நம்பி வாங்குவதுதான் முதல் தவறு. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதப்படுவது உள்ளே இருக்கும் சிப்புக்கு. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யூஎஸ்பி அடாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பில் அத்தெரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது; செருகியவுடன் இயங்கியதால் லினக்ஸ் பயனர்களிடம் பெரும் பெயர் பெற்றது. இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப்புக்கு மாறிவிட்டார்கள். அந்தச் சிப்பின் டிரைவரோ பல ஆண்டுகள் கெர்னலின் சோதனைப் பகுதியிலேயே கிடந்தது. மாடல் பெயர் மட்டும் மாறவில்லை. பழைய பரிந்துரையைப் படித்துவிட்டுப் புதிய பதிப்பை வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். ஆகவே பதிப்பு எண்ணைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

'லினக்ஸில் இயங்கும்' என்ற வாசகத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பல நேரங்களில் அதன் பொருள், பழைய கெர்னலுக்கு எழுதிய மூலநிரலைத் தருகிறோம், நீங்களே கம்பைல் செய்து (இயங்கும் நிரலாக மாற்றி)க்கொள்ளுங்கள் என்பதுதான். கெர்னல் புதுப்பித்த மறுநாள் வைஃபை காணாமல் போகும். சரிசெய்யும் கோப்பை இறக்கவும் இணையம் இருக்காது. (அப்படி மாட்டிக்கொண்டால் கைபேசியை யூஎஸ்பி வழியே இணைத்து அதன் இணையத்தைப் பயன்படுத்தலாம்.) டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கும் சிப்பைத் தேடுவதே என் உறுதியான பரிந்துரை.

இன்டெல் கார்டுகளில் வேறொரு பொறி உண்டு. ஏஎக்ஸ்210, கணினிகளில் பொதுவாக உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் இயங்கும் சாதாரண கார்டு. ஏஎக்ஸ்211 அப்படியல்ல; அதன் வேலையில் ஒரு பகுதியைச் செய்வது இன்டெல் மதர்போர்டுதான். ஏஎம்டி மடிக்கணினியில் பொருத்தினால் கார்டு இருப்பதே தெரியாது. எந்த டிரைவராலும் இதைத் தீர்க்க முடியாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 ஆகிய இரண்டுக்கும் இடையிலும் இதே வேறுபாடுதான்.

சிப் சரியாக இருந்தும் கெர்னல் பழையதாக இருந்தால் பயனில்லை. ஏஎக்ஸ்210-க்கு 5.10, மீடியாடெக் எம்டி7921-க்கு 5.12 கெர்னலாவது வேண்டும். உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் பதிப்பு வெளிவந்தபோது இருந்த 5.4 கெர்னலில் இவை இயங்கா. கார்டுக்குள் ஏற்றப்படும் நிரலான ஃபர்ம்வேரின் கோப்புகளும் தேவை. டெபியன் என்ற லினக்ஸில் 12-ஆம் பதிப்பு முதல் அவை நிறுவல் வட்டிலேயே வருகின்றன; அதற்கு முந்தைய வட்டுகளில் பலர் தடுமாறியது இதனால்தான்.

கணினியையே 5 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட்டாக மாற்ற நினைப்பவர்கள் இன்டெலைத் தவிர்த்து மீடியாடெக் பக்கம் போவது நல்லது. இணைப்பைப் பெறுவதில் இன்டெல் கார்டுகள் அருமையானவை. ஆனால் அந்த அலைவரிசையில் ஹாட்ஸ்பாட் தொடங்க அவற்றின் ஃபர்ம்வேர் பொதுவாக அனுமதிப்பதில்லை.