ஊருக்குப் போகமுன்: தடுப்புக்காவலும் கடிகாரமும்

வெளிநாட்டிலிருந்து இலங்கைக்கு வந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தில் குடிவரவு மேசையடியில் நிற்பவரை "ஒரு சின்ன விசாரணை" என்று உள்ளே கூப்பிட்டால், வெளியில் காத்திருக்கும் உறவினர் முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் நீதிமன்றத்தில் இழுபறிப்படப்போவது அந்த நேரம்தான்.

சாதாரண சட்டப்படி, கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். கொண்டுபோகும் பயண நேரம் இதில் சேராது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அது 72 மணித்தியாலம். அதற்கிடையில் பாதுகாப்பு அமைச்சர் தடுப்புக்காவல் உத்தரவில் கையெழுத்து வைத்தால் மூன்று மாதம், பிறகும் மும்மூன்று மாதமாக நீளும். 18 மாதமாக இருந்த உச்ச எல்லையை 2022 திருத்தம் 12 ஆகக் குறைத்தது. சட்டத்தையே மாற்றும் பேச்சு வருடக்கணக்காக ஓடுகிறது. புறப்படும் வாரத்தில் அன்றைய நிலையைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுத்துமாத்து நடப்பது முதல் நாளில். "வாக்குமூலம் எடுக்கத்தான் கூப்பிட்டோம், கைது இல்லை" என்பார்கள். ஆனால் வெளியே விடமாட்டார்கள். மறுநாள் எழுதும் கைதுப் பதிவில் மறுநாள் திகதியே இருக்கும். அதனால் கைதுப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்: கைது செய்தவரின் பெயர், பதவி, திகதி, நேரம், வைக்கப்பட்டிருக்கும் இடம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். தர மறுத்தால், மறுத்தவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துவையுங்கள்.

உள்ளே இருப்பவருக்குப் பெரிய பொறி சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம். விளங்காத எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். தமிழில் எழுதும்படி கேளுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகும். அதை விரும்பிக் கொடுக்கவில்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில். கொழும்பில் குற்றப் புலனாய்வுப் பொலிசார் விசாரிக்கும் நாலாம் மாடி என்றால் ஏன் ஊரே நடுங்கியது என்பதற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம். அடித்திருந்தால் நீதவானிடம் வாய்திறந்து சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேளுங்கள். காயம் ஆறினால் சான்றும் போய்விடும்.

வெளியில் இருப்பவர்கள் முதல் அழைப்பை அரசியல்வாதிக்கு எடுப்பதுதான் வழமையான பிழை. சட்டத்தரணிக்கு எடுங்கள், அடுத்து மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு. இந்தச் சட்டத்தில் நடக்கும் கைதை 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது பொலிசின் கடமை. அறிவித்தார்களா என்று அங்கேயே கேட்கலாம். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றத்தில் போட வேண்டும். "நாளைக்கு விட்டுவிடுவார்கள்" என்று காத்திருந்தே பல குடும்பங்கள் அந்த மாதத்தைத் தொலைக்கின்றன. அதே மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காமல், விசாரணை நடப்பதற்கான கடிதத்தையும் எடுத்து வையுங்கள். ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் ஆட்கொணர்வு மனு. அதற்குக் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை ஓடத் தேவையில்லை. அந்த மாகாணத்துக்குள்ளே பிடித்து வைத்திருந்தால் மாகாண மேல் நீதிமன்றமே போதும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால், தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேட்கும் உரிமை 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் உறுப்புரையில் இருக்கிறது. தூதரகம் வந்து பார்க்கும், சட்டத்தரணிகளின் பட்டியல் தரும், விடுவிக்காது. இரட்டைக் குடியுரிமைக்காரருக்கு இதுவும் நிச்சயமில்லை, இலங்கை உங்களைத் தன் குடிமகனாகவே நடத்தலாம்.

புறப்பட முன்னர், பயங்கரவாதத் தொடர்பு என்று சொல்லி ஆட்களைப் பெயரிடும் பாதுகாப்பு அமைச்சின் தடைப்பட்டியல் வர்த்தமானியில் உங்கள் பெயரைத் தேடுங்கள். 2014இல் 424 பேரைப் போட்டார்கள், பின்னர் பலமுறை திருத்தினார்கள். ஒரே பெயர் பலருக்கு இருப்பதால் பிறந்த திகதி, பழைய முகவரி எல்லாம் ஒத்துப் பாருங்கள். இன்டர்போல் அறிவித்தல் பற்றிச் சந்தேகம் என்றால் அதன் கோப்புக் கட்டுப்பாட்டு ஆணைக்குழுவிடம் இலவசமாகக் கேட்கலாம். பதிலுக்கு நாலு மாதம்வரை எடுக்கும் என்பதால் ரிக்கெட் போட முன்னரே விண்ணப்பியுங்கள்.

பிணை கிடைத்தாலும் கடவுச்சீட்டு நீதிமன்றத்தில் கிடக்கலாம். அதற்குள் விசா முடிந்தால் அது தனிக் குற்றம். முடிய முன்னரே நீடிப்பை விண்ணப்பிக்கும்படி சட்டத்தரணிக்கு நினைவுபடுத்துங்கள்.